கோட்டைத் தாண்டியதா, இல்லையா? கை தூக்கும் முன் நடுவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பொங்கல் சமயம். எங்கள் இளம்பிள்ளை பக்கத்தில் தறிச் சத்தம் கேட்காத நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். அதில் அதுவும் ஒன்று. ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் கபடி அரையிறுதி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு நிமிடம், இரண்டு அணிக்கும் ஒரே பாயின்ட். பாடிப் போன பையன் மூலைக்குப் போய், போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான்.

இந்தப் பக்கம் நின்ற அம்பயர் போனஸ் என்று கையைத் தூக்கினார். எதிர்ப்பக்கம் நின்ற அம்பயர் இல்லை என்று கையை ஆட்டினார். இரண்டும் ஒரே நேரத்தில். கூட்டத்தில் பாதிப் பேர் ஒருவரைப் பார்த்தார்கள், மீதிப் பேர் மற்றவரைப் பார்த்தார்கள். அவரவருக்கு வேண்டிய தீர்ப்பு அவரவருக்குக் கிடைத்துவிட்டது. அப்புறம் ஆட்டம் எங்கே நடக்கும்? ஸ்கோர் எழுதிய மேசை கவிழ்ந்தது, வெளியூர் அணி வேன் ஏறிப் போய்விட்டது, கோப்பை மேடையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் டீக்கடையில், போனஸ் கொடுத்த அந்த அம்பயரைப் பார்த்தேன். அப்பா வயதுக்காரர். நான் கேட்காமலேயே சொன்னார்: “தம்பி, உங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் அந்தக் கால பாக்கவே இல்ல. நடுவுல ஒருத்தன் மறைச்சிட்டான். எல்லாரும் என்னையவே பாத்தாங்க, கைய தூக்கிட்டேன்.”

எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. அவர் காசு வாங்கவில்லை, சொந்த ஊருக்காக ஓரவஞ்சனை செய்யவும் இல்லை. பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார், அவ்வளவுதான். ‘பார்க்கவில்லை’ என்று சொல்ல அவருக்கு யாரும் ஒரு வழி சொல்லித் தரவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற தீர்ப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, பேச்சு நேராக கேமராவுக்குப் போய்விடுகிறது. ரீப்ளே வேண்டும், டெக்னாலஜி வேண்டும் என்கிறோம். என் கருத்து வேறு. கேமரா வருவதற்கு முன்னால் வர வேண்டியது ஒரு பழக்கம்: கை தூக்குவதற்கு முன் இன்னொரு நடுவரின் கண்ணைப் பார்ப்பது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அது இல்லாவிட்டால், கோடிகள் புரளும் சர்வதேசப் போட்டியும் எங்கள் பொங்கல் அரையிறுதி மாதிரிதான் ஆகும். உதாரணங்களோடு பார்ப்போம்.

முதலில், ‘தாண்டுவது’ என்றால் என்ன?

கோட்டைத் தாண்டுவது எல்லா ஆட்டத்திலும் ஒன்று கிடையாது.

கால்பந்தில் பந்து முழுவதும் கோட்டை முழுவதும் கடந்திருக்க வேண்டும். பந்தின் ஓரம் கோட்டின் மேல் ஒரு நூல் அளவு தொங்கிக்கொண்டிருந்தாலும் கோல் கிடையாது. பந்து வெளியே போனதா என்பதற்கும் இதே கணக்குதான்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் அப்படியே நேர்மாறு. கோல் கோட்டின் மேல் ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீரர் கையில் பிடித்திருக்கும் பந்தின் நுனி அந்தச் சுவரைத் தொட்டால் போதும், டச்டவுன். 6 பாயின்ட்.

கபடியில் உடம்பே பந்து. எல்லைக் கோட்டுக்கு வெளியே தரையில் உடம்பின் எந்தப் பாகம் பட்டாலும் அவுட். போனஸ் வேண்டுமென்றால் ஒரு கால் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் பட வேண்டும். அந்த நொடியில் பின்னங்கால் காற்றில் இருக்க வேண்டும். அதோடு எதிரணியில் குறைந்தது 6 பேர் களத்தில் இருக்க வேண்டும். ஆக, ஒரே நொடியில் ஒரு மனிதர் இரண்டு காலையும் பார்த்து, தலையையும் எண்ணி வைத்திருக்க வேண்டும். ஒரு ஜோடிக் கண்ணால் ஆகிற காரியமா இது?

அதனால்தான் இந்த எல்லா ஆட்டங்களிலும் நடுவர் தனி ஆள் இல்லை, ஒரு குழு.

கபடியில் யார் எதைப் பார்க்கிறார்கள்?

விதிப்படி ஒரு கபடி ஆட்டத்துக்கு ஆறு பேர்: ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர்கள். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் லைன், அங்கிருந்து இன்னும் ஒரு மீட்டரில் போனஸ் லைன். இரண்டு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி.

அம்பயர்கள் பக்கத்துக்கு ஒருவராக நிற்பார்கள். பாடிப் போகிறவர் இடது மூலைக்குப் போனால், இடது பக்க அம்பயருக்கு அந்தக் கால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வலது பக்க அம்பயருக்குக் கிட்டத்தட்ட களத்தின் அகலம் முழுக்கத் தூரம், நடுவில் ஏழு பேர் உடம்பு. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றும் எப்போதும் சொல்ல முடியாது. பிடிக்க வந்த வீரரின் முதுகு சரியாக அவருக்கு முன்னால் வந்து நின்றுவிடலாம். தூரத்தில் இருப்பவருக்கு இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சந்து கிடைத்திருக்கலாம். உதவி ஸ்கோரர்கள் கடைக்கோட்டில் பிடிப்பவர்களின் கால் வெளியே போகிறதா என்று பார்த்து உதவுவார்கள்.

களத்தில் பொதுவாக அம்பயர்களின் முடிவே இறுதி. இரண்டு அம்பயர்களுக்கும் கருத்து மாறினால் ரெஃப்ரி முடிவு சொல்வார். விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் விதியில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கருத்து மாறுகிறது என்பது ரெஃப்ரிக்கு எப்போது தெரிய வேண்டும்? இரண்டு பேரும் இரண்டு விதமாகக் கையைக் காட்டி, கூட்டம் அதைப் பார்த்த பிறகா? அதற்கு ஒரு நொடி முன்பா?

அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது.

கொடிக்கு முன் பார்வை

இந்த ஒரு நொடியை மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பது கால்பந்துதான். கோல் விழுந்தது சந்தேகமில்லாமல் தெரிந்தால், ஓரத்தில் நிற்கும் உதவி நடுவர் கொடியை உயர்த்தவே கூடாது. நடுவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு ஓரக்கோட்டை ஒட்டி நடுக்கோடு நோக்கி 25 முதல் 30 மீட்டர் விறுவிறுவென ஓட வேண்டும். அந்த ஓட்டம்தான் ‘ஆமாம், கோல்’ என்பதற்கான சைகை. அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஓரத்தில் நிற்பவரைக் கவனியுங்கள். அவர் ஓடாமல் அங்கேயே நின்றால் ஏதோ பஞ்சாயத்து என்று அர்த்தம்.

பந்து கோட்டைத் தாண்டிவிட்டு மறுபடி உள்ளே வந்துவிட்டது, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால்? அப்போது முதலில் கொடியை உயர்த்தி நடுவரின் கவனத்தை இழுக்க வேண்டும். அவர் பார்த்த பிறகு அதே ஓட்டம். பந்து முழுவதும் தாண்டவில்லை என்றால், இருவரும் கண்ணால் பேசிக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் ஒரு சின்னக் கை அசைவு.

மூன்று சூழ்நிலையிலும் பொதுவாக இருப்பது என்ன? உதவி நடுவரின் செய்தி முதலில் நடுவருக்குப் போகிறது. கூட்டத்துக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான்.

அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதே கதை. ஏழு பேர் கொண்ட நடுவர் குழுவில், களத்தின் இரண்டு ஓரங்களிலும் எதிரெதிரே இருவர் நிற்பார்கள். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் ஆட்டம் ஆரம்பிக்கும்போது இருவரும் கோட்டுக்கே போய், கோட்டுக்கு நேராக நின்று பார்ப்பார்கள். பந்தைப் பிடித்திருப்பவர் மேல் ஐந்தாறு பேர் குவிந்து விழுவார்கள். ஒரு பக்கத்தில் நிற்பவருக்குப் பந்து தெரியும், மறுபக்கத்தில் நிற்பவருக்கு வெறும் முதுகுகள். அதனால் அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் இதுதான்: கையைத் தூக்கும் முன் எதிரே நிற்கிற ஆளைப் பார். பார்த்தவர் கை தூக்கட்டும். பார்க்காதவர் ஊகித்துக் கை தூக்கக் கூடாது.

இரண்டு நடுவர், இரண்டு சைகை

இந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2012 செப்டம்பர் 24 அன்று இரவு நடந்த ஆட்டம் சாட்சி. சியாட்டில் சீஹாக்ஸ் அணியும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் மோதின. கடைசிப் பந்து. சீஹாக்ஸின் ரஸ்ஸல் வில்சன் தூக்கி எறிந்த பந்துக்காக கோல் பகுதியில் ஒரு கும்பலே எகிறிக் குதித்தது. கோல்டன் டேட், எதிரணியின் எம்.டி.ஜென்னிங்ஸ் இருவரும் பந்தைக் கட்டிப் பிடித்தபடி கீழே விழுந்தார்கள்.

இரண்டு நடுவர்கள் ஓடி வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். ஒருவர் இரண்டு கைகளையும் மேலே நீட்டினார்: டச்டவுன். இன்னொருவர் தலைக்கு மேல் கைகளை வீசினார்: கடிகாரத்தை நிறுத்து என்ற சைகை. அருகருகே நின்றுகொண்டு, ஒரே நொடியில், இரண்டு விதமான சைகை. அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது.

டச்டவுன் என்பதே நிலைத்தது. சீஹாக்ஸ் 14–12 என்று ஜெயித்தது. அப்போது லீக்கின் வழக்கமான நடுவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தத் தகராறு. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, மாற்று நடுவர்களை வைத்து ஆட்டங்களை நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டம் முடிந்த இரண்டே நாளில் உடன்பாடு ஏற்பட்டது, பழைய நடுவர்கள் திரும்பி வந்தார்கள்.

இதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று. மாற்று நடுவர்களுக்கும் விதி தெரியும். ஆனால் ஒரு குழுவாகச் சேர்ந்து பல வருடம் நின்று பழகியவர்களுக்கு வரும் அந்த ஒரு நொடி நிதானம் ஒரே இரவில் வராது. விதியைப் புத்தகத்தில் படித்துவிடலாம். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும் பழக்கம் ஆடுகளத்தில்தான் வரும்.

பேசினால் மட்டும் போதுமா? தோஹா சொல்லும் பதில்

‘சரி, நடுவர்கள் கூடிப் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. அதற்கும் நம் கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, வலிக்கிற உதாரணம்.

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா – கத்தார். ஜெயித்திருந்தால் இந்தியா முதல் முறையாக மூன்றாவது சுற்றுக்குப் போயிருக்கும். 37வது நிமிடத்தில் சாங்தே கோல் போட்டார். 73வது நிமிடம் வரை இந்தியா 1–0 என்று முன்னிலை. அப்போது கத்தாருக்கு ஒரு ஃப்ரீகிக். தலையால் முட்டி வந்த பந்தை குர்பிரீத் சிங் தடுத்தார். பந்து அவரைத் தாண்டி உருண்டு, கோல் கம்பத்துக்கு வெளியே கடைசிக் கோட்டையும் கடந்தது. பந்து வெளியே போய்விட்டது, ஆட்டம் நின்றது என்று நினைத்தார்கள் நம் வீரர்கள். அதற்குள் ஒரு கத்தார் வீரர் காலால் பந்தை உள்ளே இழுத்துப் போட, யூசுப் அய்மன் வலைக்குள் தட்டிவிட்டார்.

இந்திய வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தென் கொரிய நடுவர் தன் உதவி நடுவரிடம் கேட்டார். பேசினார்கள். கோல் என்றார்கள். பந்து கோட்டுக்கு வெளியே இருந்ததை டிவி ரீப்ளேவில் ஆசியாவே பார்த்தது. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் வசதி கிடையாது. 85வது நிமிடத்தில் இன்னொரு கோல். 2–1. இந்தியா வெளியே. அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு புகார் கொடுத்தது, முடிவு மாறவில்லை.

இங்கே கலந்து பேசும் முறை பின்பற்றப்பட்டது. ஆனாலும் தவறு வந்தது. ஏன்? பேச்சின் மதிப்பு, பேசுகிறவர் நின்ற இடத்தைப் பொறுத்தது. உதவி நடுவர் ஆஃப்சைடு பார்ப்பதற்காகக் கடைசிக்கு முந்தைய தடுப்பு வீரருக்கு நேராக நிற்க வேண்டும். பந்து அவரைவிடக் கோல் கோட்டுக்கு நெருக்கமாகப் போனால் பந்தோடு சேர்ந்து ஓட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கோட்டை நேராகப் பார்க்க முடியாது, சாய்வாகத்தான் பார்க்க முடியும். சாய்வாகப் பார்த்தால் வெளியே இருக்கும் பந்தும் உள்ளே இருப்பதுபோல் தெரியும். ஒரு தட்டில் ஸ்கேலை வைத்து ஓரத்திலிருந்து பாருங்கள், உங்களுக்கே புரியும்.

1966 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே இறங்கியதே, அந்தக் கதையும் இதுதான். சுவிட்சர்லாந்து நடுவர் டீன்ஸ்ட், அஜர்பைஜானைச் சேர்ந்த கோட்டு நடுவர் பஹ்ரமோவிடம் ஓடிப்போய்க் கேட்டார். இருவருக்கும் பொதுவாகப் பேச ஒரு மொழிகூட ஒழுங்காக இல்லை. ஒரு தலையசைப்பு. கோல். இங்கிலாந்து 4–2 என்று கோப்பையைத் தூக்கியது. அந்தப் பந்து தாண்டியதா என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த விதி? ஹாங்சோவின் ஒரு மணி நேரம்

நடுவர்கள் எல்லோரும் நன்றாகப் பார்த்தும் குழப்பம் வரலாம். 2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோ. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி இறுதி. இந்தியா – ஈரான். 2018இல் ஜகார்த்தாவில் இந்தியாவை அரையிறுதியிலேயே வீட்டுக்கு அனுப்பி, தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போன அதே ஈரான்.

28–28. ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி. கேப்டன் பவன் செஹ்ராவத் பாடிப் போனார். யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பின்தொடர்ந்து ஈரான் வீரர்களும் லாபிக்குள் போனார்கள்.

லாபி என்பது ஒரு விசித்திரமான இடம். தொட்ட பிறகுதான் அது ஆடுகளத்தில் சேர்த்தி. தொடாமல் உள்ளே போனால் வெளியே போன மாதிரி. பவன் அவுட் என்பதில் பிரச்சினை இல்லை. பின்னால் போன ஈரான் வீரர்கள்? பழைய விதிப்படி அவர்களும் அவுட். புரோ கபடி லீக்கில் நாம் பார்த்துப் பழகிய புதிய விதிப்படி, பாடிப் போனவர் லாபிக்குள் கால் வைத்ததுமே ரெய்டு முடிந்துவிடுகிறது. அவர் மட்டும்தான் அவுட்.

நடுவர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். அப்புறம் மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். வீரர்கள் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆசிய இறுதிப் போட்டி நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு 3, ஈரானுக்கு 1 என்று கொடுக்கப்பட்டு, 33–29 என்று இந்தியா தங்கம் வாங்கியது.

நமக்குத் தங்கம் வந்ததால் இதை ‘த்ரில்லர்’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிட்டோம். அதே ஒரு மணி நேரம் நமக்கு எதிராக முடிந்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? அங்கே எல்லோருடைய கண்ணிலும் கால் பட்டது. எந்த விதியால் அளப்பது என்பதில்தான் முடிச்சு. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்களும் இரண்டு அணிகளும் உட்கார்ந்து, ‘லாபி விஷயத்தில் இந்த விதிதான்’ என்று பேசி முடித்திருந்தால், ஆட்டம் அவ்வளவு நேரம் நின்றிருக்காது.

‘தெரியவில்லை’ என்று சொல்லும் உரிமை

டீக்கடை அம்பயரிடம் மறுபடி வருவோம். அவர் செய்த தவறு பார்க்காதது இல்லை. யாராலும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பார்த்ததாகக் காட்டிக்கொண்டதுதான் தவறு. ஆனால் அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஏனென்றால் உலகின் பணக்கார விளையாட்டுகளில் ஒன்றும் சமீபம் வரை இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

கிரிக்கெட்டில் ‘சாஃப்ட் சிக்னல்’ ஞாபகம் இருக்கிறதா? எல்லைக்கோட்டுப் பக்கத்தில் பிடிக்கும் கேட்ச். பந்து தரையில் பட்டதா, கையில் விழுந்ததா? 60, 70 மீட்டர் தள்ளி நிற்கும் அம்பயர், மூன்றாவது அம்பயரிடம் கேட்பதற்கு முன் ‘அவுட்’ அல்லது ‘நாட் அவுட்’ என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீடியோவில் தெளிவான ஆதாரம் இல்லாவிட்டால் அந்தச் சொல்லே நிற்கும்.

2021 மார்ச் 18, ஆமதாபாத். இங்கிலாந்துக்கு எதிரான டி20. சர்வதேச அளவில் தன் முதல் இன்னிங்ஸை ஆடிய சூர்யகுமார் யாதவ் 31 பந்தில் 57 அடித்திருந்தார். அவர் தூக்கி அடித்த பந்தை டேவிட் மலான் பிடித்தார். பந்து தரையில் பட்டதுபோல ரீப்ளேவில் தெரிந்தது. ஆனால் களத்து அம்பயர் ‘அவுட்’ என்று சாஃப்ட் சிக்னல் கொடுத்துவிட்டதால் அவுட்டே நின்றது. ஆட்டம் முடிந்ததும் கேப்டன் கோலி எழுப்பிய கேள்வி எளிமையானது: அம்பயர்களுக்கு ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல ஏன் ஒரு வழி இருக்கக் கூடாது?

2023 ஜூன் 1 முதல் சாஃப்ட் சிக்னலை ஐசிசி எடுத்துவிட்டது. இப்போது களத்து அம்பயர்கள் மூன்றாவது அம்பயரிடம் பேசி முடிவெடுக்கிறார்கள். பார்க்காததை ஊகித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்குத் தெரிந்து சமீபத்தில் விளையாட்டு நடுவர்களுக்குக் கிடைத்த பெரிய மரியாதை இதுதான். ‘நீ மனிதன், உனக்குத் தெரியாமல் போகலாம்’ என்று ஒரு விதிப்புத்தகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

கேமரா இருந்தால் இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தெளிவாகத் தாண்டியும் கோல் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்துக்குப் பிறகு, 2012 ஜூலையில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2014 உலகக் கோப்பையில் மைதானத்துக்கு 14 கேமரா. பந்து தாண்டிய ஒரு நொடிக்குள் நடுவரின் வாட்சில் செய்தி வந்துவிடும். அருமையான விஷயம், மறுக்கவில்லை.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அந்தத் தொழில்நுட்பம் பார்ப்பது இரண்டு கம்பங்களுக்கு நடுவில் மட்டும். தோஹாவில் பந்து தாண்டியது கம்பத்துக்கு வெளியே. அதற்கு வீடியோ நடுவர்தான் வேண்டும். இரண்டு, ஹாங்சோவில் கேமராவுக்குக் குறைச்சலே இல்லை. அப்படியும் ஒரு மணி நேரம்.

எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் ஊர் மைதானத்துக்கு எந்த கேமராவும் வரப்போவதில்லை. அதிகபட்சம் யாராவது ஒருவர் செல்போனில் எடுத்த, ஆடி ஆடித் தெரியும் வீடியோ இருக்கும். அதுவும் அவரவர் அணிப் பக்கத்திலிருந்து எடுத்தது. அதை வைத்துத் தீர்ப்பை மாற்ற ஆரம்பித்தால் இன்னொரு சண்டைதான் வரும்.

‘ஊர்ப் போட்டிக்கு இவ்வளவு யோசிக்கணுமா?’ என்று சிலர் சிரிக்கலாம். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ஊர்ப் போட்டியில் ஜெயித்தால் அது கிடைத்துவிடாதுதான். ஆனால் மாவட்டத் தேர்வுக்குப் போகும் பையன்களும் பெண்களும் யார் கண்ணிலாவது முதலில் படுவது இந்த மைதானங்களில்தான். பகலில் தறி ஓட்டிவிட்டோ காலேஜ் போய்விட்டோ, ராத்திரி பயிற்சி எடுக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு போனஸ் பாயின்ட் சின்ன விஷயம் கிடையாது. நடுவர்களும் இங்கே பழகித்தான் மேலே போகிறார்கள். இங்கே பழகிய பழக்கம்தான் அங்கேயும் வரும்.

நான்கு விஷயங்கள், செலவு பூஜ்யம்

போட்டி நடத்தும் ஊர் இளைஞர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: டாஸ் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் அம்பயர்கள், ரெஃப்ரி, இரண்டு கேப்டன்கள் கூடி நிற்கட்டும். லாபி விதி எது, போனஸ் எப்போது, ரெஃப்ரியின் முடிவை யாரும் எதிர்க்கக் கூடாது என்பதெல்லாம் மைக்கில் சொல்லப்படட்டும். கூட்டமும் கேட்கட்டும்.

இரண்டு: கோட்டில் நெருக்கமான தீர்ப்பு என்றால், இரண்டு அம்பயர்களும் முதலில் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். கை பிறகு. ஒரு நொடி போதும்.

மூன்று: பார்க்கவில்லை என்றால் அதற்கென்று ஒரு ரகசியச் சைகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கையை மார்போடு வைத்துக்கொள்வதோ, பார்வையைத் தாழ்த்துவதோ, எதுவாக இருந்தாலும் சரி. அதற்கு அர்த்தம்: ‘எனக்குத் தெரியவில்லை, நீ சொல்.’ இருவருக்கும் தெரியவில்லை என்றால் ரெஃப்ரியிடம் போங்கள். அவரும் பார்க்கவில்லை என்றால், ஊகித்து பாயின்ட் கொடுக்காதீர்கள். காணாத போனஸ் கிடையாது என்பதை ஐந்து நிமிடக் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

நான்கு: அறிவித்த பிறகு மாற்றாதீர்கள். பேச வேண்டியதையெல்லாம் அறிவிப்புக்கு முன் பேசுங்கள்.

‘இப்படிக் கூடிக் கூடிப் பேசினால், சேர்ந்துகொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று கூட்டம் சொல்லும்’ என்பார்கள். சொல்லத்தான் செய்யும். ஆனால் பேசி முடித்து ஒரே தீர்ப்பு வந்தால் ஒரு அணிக்கு மட்டும்தான் கோபம். பேசாமல் இரண்டு தீர்ப்பு வந்தால் மைதானமே இரண்டாகப் பிரியும். இரண்டாவதை நான் நேரில் பார்த்தவன்.

ஆட்டத்தின் வேகம் குறையும் என்பது இன்னொரு வாதம். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. ஒரு மேட்சில் இப்படி நெருக்கமாக வருவது நான்கோ ஐந்தோ. தலைக்கு ஒரு நொடி என்றால் மொத்தம் ஐந்து நொடி. எங்கள் அரையிறுதியில் போனது ஒரு முழு இரவு.

அந்த அம்பயர் அதற்கப்புறம் இரண்டு வருடம் விசில் எடுக்கவில்லை. போன பொங்கலுக்குத்தான் மறுபடி நின்றார். ஒரு மூலைப் பிடியில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கவில்லை. எதிர்ப்பக்க அம்பயரைப் பார்த்து லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து கை உயர்ந்தது: அவுட். கூட்டத்தில் ஒருவர் கத்தினார், “ஏண்ணா, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?”

“தெரியலப்பா, அதான் அவரக் கேட்டேன்” என்றார்.

கூட்டம் சிரித்தது. ஆட்டம் தொடர்ந்தது.